விசிலுக்கு ஏறும் ஆடுகள்

முப்பத்தொரு வருஷம் பேருந்தில் கண்டக்டர் வேலை பார்த்தவருக்கு நிர்வாகம் ஒரு நாள் கைகுலுக்கி ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. அவருடைய வாய்க்கு ஓய்வு கொடுக்கத்தான் யாருக்கும் அதிகாரம் இல்லை. வீட்டு வாசற்படியில் மனைவி ஒரு நிமிஷம் நின்றால் போதும், "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்று பின்னாலிருந்து குரல் வரும். மளிகைக் கடையில் வரிசை கோணலாக இருந்தால் யாரும் கேட்காமலே போய் நேராக்குவார். ஊரில் அவர் பெயரை யாரும் சொல்லுவதில்லை. பெற்ற மகளே தோழிகளிடம் "எங்க வீட்டுக் கண்டக்டர்" என்றுதான் சொல்லுவாள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம் ஆடு வாங்கினார். "அவருக்கு அதிகாரம் பண்ண யாராவது வேணும். நான் ஒருத்தி பத்தல" என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தாள். சாலையோரம் அவர்களுக்கு ஒரு துண்டு நிலம் இருந்தது. அதில் தகரக் கூரை போட்டு, சுற்றிலும் கம்பிவேலி கட்டி, பின்பக்கம் குட்டிகளுக்கென்று ஒரு சின்ன அறையும் கட்டினார். வீட்டிலிருந்து நடந்தால் ஆறு நிமிஷம். எதிரே சாலைக்கு அந்தப்பக்கம் தையல்காரம்மாவின் வீடு. அவள் ஜன்னலோரம் மெஷினைப் போட்டுக்கொண்டு நாள் முழுவதும் தைப்பாள். தைப்பதைவிட வேடிக்கை பார்ப்பதுதான் அதிகம் என்று துணி கொடுத்தவர்கள் சொல்லுவார்கள்.

ஆடுகளுக்கும் அவர் பேருந்துப் பெயர்களே வைத்தார். எப்போதும் முதலில் போய் முன்னால் நிற்பது டிரைவர். வயிறு பெருத்தது லக்கேஜ். வேலிக்குள் அடங்காமல் எங்கே போனாலும் கேள்வி கேட்க முடியாதது பாஸ். கூட்டத்தில் எப்போதும் கடைசியாக வந்து இடிபடுவது சில்லறை. இப்படிப் பதினான்கு. "ஆட்டுமந்தை மாதிரி" என்று யாராவது எதற்காவது சொல்லிவிட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "என் மந்தையப் பாத்துட்டு அப்புறம் பேசுங்க. உங்களவிட ஒழுங்கா நிக்கும்."

ஒழுங்குக்குக் காரணம் இருந்தது. கோடையில் பக்கத்தில் புல் கிடையாது. ஏழு கிலோமீட்டர் தள்ளி வாய்க்கால் கரையில்தான் பச்சை. அதுவரை பெரிய சாலையில் ஓட்டிப்போகையில், பதினாறாக இருந்ததில் இரண்டை லாரி அடித்துவிட்டது. அதற்குப் பிறகு பால்வண்டிக்காரரிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். காலையில் பால் கேன்களை இறக்கிவிட்டு அந்தச் சின்ன லோடு வண்டி காலியாகத்தான் வாய்க்கால் வழியே திரும்பும். பத்து மணிக்கு ஆடுகளை ஏற்றிக்கொண்டு போய்க் கரையில் விடும். கண்டக்டரும் பின்னாலேயே ஏறிக்கொள்ளுவார். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இறக்கும்.

ஏற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட்டதில் முதல் வாரமே இடுப்பு பிடித்துக்கொண்டது. பிறகுதான் பழைய விசிலைத் தேடியெடுத்தார். வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு அகலப் பலகையைச் சாய்த்து வைத்து, மேலே ஒரு கைப்பிடி தானியத்தைத் தூவி, இரட்டை விசில் அடித்தார். ஒரு மாதம். அவ்வளவுதான் பிடித்தது. அதற்குப் பிறகு தானியமும் வேண்டியிருக்கவில்லை. இரட்டை விசில் கேட்டால் பதினான்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் பலகையில் ஏறி, முன்னால் போய், நெருங்கி நின்றுகொள்ளும். சாயங்காலம் ஒற்றை விசில். கேட்டதும் இறங்கும். இறங்கியவுடன் தாய் ஆடுகள் பின்பக்க அறைக்கு ஓடும், குட்டிகள் கத்திக்கொண்டு வரும், பால் குடிக்கும். ஒரு அதட்டல், ஒரு அடி, ஒரு கயிறு கிடையாது.

"மனுஷனுக்கு முப்பது வருஷம் சொன்னேன், கேக்கல. இதுங்க முப்பது நாள்ல கேட்டுச்சு" என்பார். தலைகால் புரியாத பெருமை. யார் வந்தாலும் காட்டுவார். வேலை கேட்டு வந்தவனுக்கும் வழி கேட்டு நின்றவனுக்கும்கூட ஒரு காட்சி நடத்திக் காட்டினார். விடுமுறைக்கு வந்த மகள் அதைப் போனில் வீடியோ எடுத்தாள். எடுக்கும்போது, "கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து எடும்மா, பின்னாடி பஸ் ஸ்டாப் போர்டு தெரியணும்" என்று அவளை நகர்த்தி நிற்க வைத்ததும் அவர்தான். ஊர் பெயர், தட எண் எல்லாம் பளிச்சென்று விழுந்தது. போன இடமெல்லாம் நிறுத்தத்தின் பெயரைச் சொல்லியே வாழ்ந்தவர். அவருக்கு இடம் தெரியாத படம் படமே இல்லை.

"அப்பா, நெட்ல போட்ட வீடியோவ முப்பதாயிரம் பேர் பாத்திருக்காங்க" என்று மகள் ஊருக்குப் போய்ப் போன் செய்தாள்.

"முப்பதாயிரமா! அறுநூறு பஸ் லோடு" என்றார் அவர்.

மனைவி மட்டும், "ஊர் கண்ணெல்லாம் ஏன் இங்க கூட்டிட்டு வர்றீங்க" என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். எடுத்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் காட்டப் போகவேண்டும். அன்றைக்கு வண்டி வேண்டாம் என்று பால்வண்டிக்காரரிடம் முதல்நாளே சொல்லிவிட்டார். ஆடுகளுக்குத் தழை போட்டு, தண்ணீர் வைத்து, வேலிக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் எட்டரை மணிப் பேருந்தில் போனார்கள். திரும்பி வரும்போது மணி இரண்டு. மனைவியை வீட்டில் விட்டுவிட்டு நேராகப் பட்டிக்கு வந்தார். கதவு சாத்தித்தான் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. பின்பக்க அறையில் மட்டும், பிறந்து இருபது நாள் ஆன மூன்று குட்டிகள் கத்திக்கொண்டிருந்தன.

அவர் சாலையைக் கடந்து தையல்காரம்மாவிடம் போனார்.

"என்னண்ணே, இன்னைக்கு அதுக்குள்ள திரும்பிட்டீங்க?" என்றாள் அவள்.

"எங்கேர்ந்து?"

"வாய்க்கால்லேர்ந்துதான். பத்து மணிக்கு வண்டி வந்துச்சே. விசில் கேட்டுச்சு, எல்லாம் வரிசையா ஏறுச்சு. எப்பவும் போலத்தான்." சொல்லிக்கொண்டே வந்தவளுக்குக் குரல் இறங்கியது. "நீங்கதான்னு நினைச்சேன். உங்கள மாதிரியே தொப்பி போட்டிருந்தாரு. வண்டிதான் வேற கலரா தெரிஞ்சுது. சரி, பெயிண்ட் அடிச்சிட்டாங்க போலன்னு... நான் கைகூட காட்டினேன்ண்ணே. அவரும் கை காட்டினாரு."

காதும் காதும் வைத்தாற்போல் முடிந்திருந்தது. ஒரு ஆடு முரண்டு பிடிக்கவில்லை, ஒன்று கத்தவில்லை. பட்டப்பகலில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டிரைவர் முன்னால் போக, சில்லறை கடைசியாக ஏற, பதினான்கும் போய்விட்டன.

காவல் நிலையத்தில் எழுத்தர் அங்க அடையாளம் கேட்டார். கண்டக்டர் சொன்னார். இடது காதில் வெட்டு, நெற்றியில் வெள்ளை, கொம்பு ஒன்று குட்டை. மகள் எடுத்த வீடியோவில் எல்லாம் இருக்கிறது என்றார். எழுத்தர் எழுதுவதை விட்டுவிட்டு அதைக் காட்டச் சொன்னார். காட்டினார். பக்கத்து மேசைக்காரர்களும் வந்து எட்டிப் பார்த்தார்கள். இரண்டாம் தடவை போட்டுப் பார்த்தார்கள். யாரோ ஒருவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பெரியவரே, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் எழுத்தர். "திருடனுக்குக் கஷ்டமே வைக்கலையே நீங்க. அட்ரஸ் குடுத்து, ஏத்தறது எப்படின்னு பாடமும் எடுத்திருக்கீங்க. ஒரு ஆடு கத்தியிருந்தா எதிர் வீட்டம்மா எழுந்து வந்திருப்பாங்க."

கண்டக்டர் தலையாட்டினார். கோபம் வரவில்லை. அந்த மனிதர் சொன்னது சரி என்று மட்டும் பட்டது.

"மிச்சம் ஏதாவது இருக்கா?"

"மூணு குட்டி."

"பாத்துக்குங்க. வளந்ததும் வருவானுங்க. வழி தெரிஞ்சுபோச்சுல்ல."

மனைவியின் கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவள் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பஞ்சை வைத்துக் கன்னத்தோரம் ஒற்றிக்கொண்டே இருந்தாள். அழக்கூடாது என்று அவருக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை. ஆனால் அழுகை வரவில்லை. இரண்டு நாள் காத்துப் பார்த்தார். சாப்பிட்டார், சவரம் செய்துகொண்டார், பட்டியைப் பெருக்கினார், புழுக்கையை வாரிக் குழியில் கொட்டினார். உடம்பு அதன்பாட்டுக்கு வேலை செய்தது. உள்ளே கைவைத்துப் பார்த்தால் மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் பக்கத்து மாவட்டத்துச் சந்தைக்குப் போனார். முந்நூறு நானூறு ஆடுகள் கட்டியிருந்த திடலின் நடுவில் நின்று விசிலை எடுத்து ஊதினார். இரட்டை விசில். வியாபாரிகள் திரும்பிப் பார்த்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். ஆடுகளில் ஒன்றும் தலை தூக்கவில்லை. இன்னொரு முனைக்குப் போய் இன்னொரு தடவை ஊதினார். "என்ன தாத்தா, பஸ் கிளம்புதா?" என்றான் ஒருவன். "இல்லப்பா" என்று சொல்லிவிட்டு, விசிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த பேருந்தில் திரும்பி வந்தார். ஆடுகள் சந்தைக்கே வந்திருக்காது, நேராகக் கத்திக்குப் போயிருக்கும் என்று அவருக்கும் தெரியும். போகாமல் இருந்தால் மனைவி கேட்பாள் என்றுதான் போனார்.

மூன்று குட்டிகளுக்கும் பாட்டிலில் பசும்பால். ஒரு நாளைக்கு நான்கு வேளை. மனைவி ஒரு பக்கம் பாட்டிலைப் பிடிக்க, அவர் ஒரு பக்கம் பிடிப்பார். குட்டிகள் முட்டிபோட்டு வாலை ஆட்டி ஆட்டிக் குடிக்கும். குடித்து முடித்ததும் அவர் மடியில் ஏறி, சட்டைப் பொத்தானைச் சப்பும். இந்த மூன்றுக்கும் அவர் பெயர் வைக்கவில்லை. தோன்றவில்லை என்பதல்ல, வாய் வரவில்லை.

ஒரு நாள் சட்டைப்பையைத் துழாவுகையில் விசில் கையில் பட்டது. ஊதினால் சத்தம் வருகிறதா என்று பார்ப்பதுபோல் லேசாக ஒரு தடவை ஊதினார். பின்பக்க அறையில் தூங்கிக்கொண்டிருந்த மூன்றும் துள்ளி எழுந்து, கதவு இடுக்கில் மூக்கை நுழைத்து, கத்திக்கொண்டே முண்டியடித்தன. திறந்துவிட்டார். மூன்றும் அவரைத் தாண்டி ஓடி, வேலிக் கதவருகே, வண்டி வந்து நிற்குமிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றன.

ஒற்றை விசில். அம்மா இறங்கி வரும் நேரம். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, இருபது நாளில் தாமாகவே கற்றுக்கொண்டிருந்தன.

அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. எந்தத் திருடன் எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி ஊதினாலும் இந்த மூன்றும் அம்மாவைத் தேடி வாலை ஆட்டிக்கொண்டு ஏறும். பூட்டுப் போடலாம், போட்டுவிட்டார். மேய விட்டுத்தானே ஆகவேண்டும்? கரையில் நான்கு பேர் வந்து விசில் ஊதினால் இவர் ஒருவர் என்ன செய்ய முடியும்? இந்த மூன்றையும் காப்பாற்ற வேண்டுமென்றால் ஒரே வழிதான். கற்றதை மறக்கடிக்க வேண்டும்.

பால்வண்டிக்காரர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். பலகை சாய்த்தார்கள். கண்டக்டர் கையில் ஒரு வேப்பங்குச்சி இருந்தது.

"அண்ணே, நீங்க ஊதுங்க. நான் அடிக்கிறேன்" என்றார் பால்வண்டிக்காரர். "உங்களுக்கு மனசு வராது."

"நீ அடிச்சா உன்னப் பாத்துதான் பயப்படும். விசிலப் பாத்துப் பயப்படணும். பலகையப் பாத்துப் பயப்படணும்."

"அதுக்காக நீங்களா..."

"ஊதறவன்தான்ப்பா அடிக்கணும். அப்பத்தான் மண்டையில ஏறும்."

ஊதினார். ஒற்றை, இரட்டை இரண்டுக்குமே மூன்றும் ஓடி வந்தன. பலகையில் குளம்பு வழுக்க, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஏறி, வண்டிக்குள் அம்மாவைத் தேடின. அவர் உள்ளே ஏறி மூன்றையும் அடித்தார். முதுகில், பின்னங்காலில். ஒரு குட்டி அடி வாங்கிக்கொண்டே அவர் கால்களுக்கு நடுவில் வந்து ஒளிந்தது. வேறு போக்கிடம் அதற்குத் தெரியவில்லை. அதையும் அடித்தார். பால்வண்டிக்காரர் போனை எடுத்து எதையோ பார்க்க ஆரம்பித்தார். பார்க்க ஒன்றுமில்லை, திரை அணைந்துதான் இருந்தது.

மனைவி முதல் நாள், "பச்சக் குட்டிங்கள அடிக்காதீங்க" என்றாள். இரண்டாம் நாள் முதுகைக் காட்டிக்கொண்டு பாட்டில்களைக் கழுவினாள். மூன்றாம் நாள், "அடிங்க. ஆனா பால் குடுக்கற நேரத்துக்கு வராதீங்க. உங்களப் பாத்தா பாட்டில விட்டுட்டு ஓடுதுங்க" என்றாள். அவர் பால் கொடுக்கும் நேரத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஒன்பது நாள் நடந்தது இது. நான்காம் நாள் பலகைவரை வந்து நின்றன. ஆறாம் நாள் விசிலுக்கு நகரவில்லை. ஒன்பதாம் நாள் விசில் கேட்டதும் மூன்றும் எதிர்ப்பக்கம் பாய்ந்து, வேலியில் மோதி, சாகப்போவதுபோல் கத்தின. தையல்காரம்மா ஊசியைப் போட்டுவிட்டுச் சாலைக்கு ஓடிவந்தாள். அடுத்த தெருவிலிருந்துகூட இரண்டு பேர் வந்தார்கள். "போதும்" என்றார் கண்டக்டர். குச்சியை ஒடித்துக் குழியில் போட்டார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு அவன் வந்தான். கண்டக்டர் கடைக்குப் போயிருந்தார். வண்டி வந்து வேலியோரம் நின்றதையும், ஒரு ஆள் இறங்கிப் பூட்டை நெம்பியதையும், பலகையைச் சாய்த்துவிட்டு விசில் ஊதியதையும் தையல்காரம்மா இந்தத் தடவை கவனித்துப் பார்த்தாள். ஆனால் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே குட்டிகள் திறந்துவிட்டன. அப்படி ஒரு கத்தல். அவன் ஒன்றைப் பிடிக்கப் போனான். அது அவன் தோளுக்கு மேல் தாவியது. தெருவே திரண்டு வந்தது. அவன் பலகையைக்கூட எடுக்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு பறந்தான். எண் தகடு இல்லாத வண்டி, ஆள் அகப்படவில்லை. குட்டிகள் அகப்படவில்லை என்பதுதான் முக்கியம்.

கண்டக்டர் மூச்சுவாங்க ஓடிவந்தபோது எல்லாரும் அவர் முதுகில் தட்டினார்கள். "பலே ஆளுங்க நீங்க. திருடனையே திணறடிச்சிட்டீங்களே!" "இனிமே ஜென்மத்துக்கும் கிட்ட வரமாட்டானுங்க." அவர் மூன்றையும் எண்ணிப் பார்க்க உள்ளே போனார். அவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் மூன்றும் மூலைச் சுவரோடு ஒட்டிக்கொண்டன. ஒன்று நின்றபடியே சிறுநீர் விட்டது. அவர் வெளியே வந்துவிட்டார்.

"இப்ப நிம்மதியா இருக்குமே அண்ணே" என்றாள் தையல்காரம்மா.

"இருக்கு" என்றார். பொய் சொல்லவில்லை. வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, அவரும் தேடிப் பார்க்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் மனைவிக்கு இடது கண்ணிலும் புரை எடுக்க நாள் குறித்தார்கள். மகள் வந்து கூட்டிப்போனாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டும். "தழை கடிக்குதுங்க, ஆனா ஒரு வேளையாவது பால் வேணும். இன்னும் ரெண்டு வாரத்துக்கு மறக்காதீங்க" என்று மனைவி போகும்போது நாலு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, முழங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, மூன்று பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போனார். காட்டினார். வரவில்லை. குனிந்து நீட்டினார். பின்வாங்கின. மனைவியின் பழைய புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தார். முகர்ந்தன, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி சுவருக்கே ஓடின. பால் ஆறிக்கொண்டிருந்தது. அவை பசியில் கத்தின. அவரைப் பார்த்தும் கத்தின. எது எந்தக் கத்தல் என்று அவருக்குப் பிரித்துத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு கட்டுக்கம்பியை எடுத்து, மூன்று பாட்டில்களையும் குட்டிகளின் வாய் எட்டும் உயரத்தில் வேலியில் சாய்த்துக் கட்டினார். காம்பு உள்பக்கம் பார்த்தபடி. பிறகு வெளியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு குந்தி, தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு லாரி போனது. பிறகு குளம்புச் சத்தம். நின்றது. மறுபடி வந்தது. ஒரு பாட்டில் கம்பியில் உரசி ஆடியது. சப்பும் சத்தம். இரண்டாவது பாட்டில் ஆடியது. அவர் கழுத்தில் ஏதோ ஊர்ந்தது. அதைத் தட்டிவிடக் கையைத் தூக்கவில்லை.

துணிப்பையோடு வந்த தையல்காரம்மா தொட்டிக்குப் பின்னால் ஆளைப் பார்த்து அலறப் போனாள். "ஐயோ, யாரு... அண்ணே, நீங்களா? எவனோ ஒளிஞ்சிருக்கான்னு உயிரே போயிடுச்சு!"

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"கத்தாத தங்கச்சி" என்றார் மெல்ல. "குடிக்குதுங்க. நான் இருக்கேன்னு தெரிஞ்சா விட்டுடும்."

அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சாலையைக் கடந்து போனாள். மூன்றாவது பாட்டில் இன்னும் ஆடவில்லை. அவர் காத்துக்கொண்டு குந்தியிருந்தார்.